முதல் நாள் தட்டைத் தொடாதீர்கள்: ஒட்டாகோ ஆறுகளில் தங்கம் அரிக்கப் போகிறவர்களுக்கு

நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்மவர்களுக்கு ஒன்றிரண்டு கோடை கழிந்ததும் ஓர் ஆசை வரும். "குயின்ஸ்டவுன் பக்கம் ஆற்றில் தங்கம் கிடைக்குமாமே, ஒரு நாள் போய்ப் பார்த்தால் என்ன?" கிடைக்கும், அது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக அரிக்கும் தட்டு பிடிப்பவர் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து ஒரு குன்றிமணி எடை சேர்த்தால் அது நல்ல நாள். கணக்காகச் சொன்னால் ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. காருக்கு ஊற்றிய பெட்ரோல் காசு திரும்பாது. இதைப் படித்த பிறகும் போகத் தோன்றினால் மேலே படியுங்கள்.

நான் முதன்முதலில் போனபோது செய்த தவறு எளிமையானது. காரை நிறுத்தினேன், ஆற்றங்கரையில் குவிந்து கிடந்த கல்மேட்டில் ஏறினேன், அதன் உச்சியிலிருந்து ஒரு வாளி வாரி அரிக்க ஆரம்பித்தேன். மதியம் வரை ஒன்றுமில்லை. அந்தக் கல்மேடு ஒரு டிரெட்ஜர், அதாவது ஆற்றடியைத் தோண்டும் மிதவை இயந்திரம், தங்கத்தை எடுத்துக்கொண்டு துப்பிவிட்டுப் போன சக்கை என்பது பிறகுதான் தெரிந்தது. மாவு சலித்து முடித்த சல்லடையின் மேலே நின்றுகொண்டு மாவு தேடியிருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், முதல் நாள் தட்டைத் தொடாதீர்கள். உங்களுக்கு முன்னால் யார், எந்தக் கருவியோடு, எதுவரை தோண்டினார்கள் என்று நிலத்தைப் பார்த்துப் படிக்க ஒரு நாள் கொடுங்கள்.

எங்கே தோண்டலாம்

நியூசிலாந்தில் நிலம் யாருடையதாக இருந்தாலும் மண்ணில் இயற்கையாகக் கிடக்கும் தங்கம் பெரும்பாலும் அரசுடைமை. 1991 ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் பொழுதுபோக்காக அரிப்பவர்களுக்கென்று தெற்குத் தீவில் சில இடங்களை அரசு திறந்துவிட்டிருக்கிறது. ஆரோடவுனை ஒட்டி ஓடும் ஆரோ ஆற்றின் ஒரு பகுதி, லாரன்ஸ் ஊருக்குப் பக்கத்தில் கேப்ரியல்ஸ் கல்லி என்ற ஓடைப் பள்ளம், ஷாட்டோவர் ஆற்றின் ஒரு பகுதி ஆகியவை குயின்ஸ்டவுன் அடங்கிய ஒட்டாகோ வட்டாரத்தில் எல்லோரும் போகிறவை. அங்கே அனுமதிச் சீட்டு வேண்டாம், கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். முக்கியமான நிபந்தனை: கைக்கருவி மட்டும். தட்டு, மண்வெட்டி, ஸ்லூஸ் பெட்டி (ஓடும் நீரில் வைத்து மண்ணை அரிக்கும் நீண்ட பெட்டி) சரி. மோட்டார் வைத்த எதுவும் கூடாது. எல்லைக்கோடு எங்கே முடிகிறது என்பதை அரசு வரைபடத்தில் பார்த்துக்கொண்டு போங்கள். ஆற்றின் அடுத்த வளைவில் வேறொருவரின் சுரங்க உரிமை தொடங்கலாம்.

சிறிய உறிஞ்சு டிரெட்ஜரை இணையத்தில் பார்த்து, வாங்கிவிடலாம் என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மிதக்கும் பம்ப், தடிமனான குழாய், ஆற்றடி மண்ணை உறிஞ்சிப் பெட்டியில் கொட்டும் அமைப்பு. அதற்குச் சுரங்க அனுமதியும் நிலத்துக்குள் போக உரிமையும் தனித்தனியாக வேண்டும், வட்டார மன்றத்தின் சுற்றுச்சூழல் விதிகளையும் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. 1900க்கு முந்தைய மனித வேலையின் தடம் இருக்கும் இடம் எதுவும் தொல்லியல் தலம் என்று சட்டப்படி காக்கப்படுகிறது. பழைய கல் அடுக்கு, வாய்க்கால், இடிந்த குடிசை எல்லாம் இதில் வரும். பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது.

நிலத்தைப் படிக்கும் நாள்

குரோம்வெல் ஊரிலிருந்து சில நிமிட ஓட்டத்தில் பேனக்பர்ன். அங்கே பழைய சுரங்க நிலத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள், சுற்றி நடக்கப் பாதை உண்டு. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். கோடை மதியத்தில் நிழலே கிடையாது.

உள்ளே போனதும் மழை அரித்த செம்மண் தேரி போல இருக்கும். ஆனால் மழை செய்த வேலை இல்லை அது. நடுவில் ஆங்காங்கே நிற்கும் மண் தூண்களின் தலையைப் பாருங்கள். எல்லாத் தலைகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அதுதான் பழைய தரைமட்டம். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் அந்த மட்டத்துக்கும் இடையே இருந்த மண் முழுவதையும் தண்ணீர் பீய்ச்சியே கரைத்திருக்கிறார்கள்.

எப்படி? நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடிக் குழாயில் தண்ணீர் சோம்பலாக வரும், கீழ்த்தளக் குழாயில் சீறிக்கொண்டு வரும். ஒவ்வொரு பத்து மீட்டர் உயரத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. சுரங்கக்காரர்கள் மலைமேலிருந்து, சரிவு தெரியாத அளவுக்கு மெல்ல இறங்கும் வாய்க்கால்களைக் கிலோமீட்டர் கணக்கில் வெட்டி, நீரை இந்த மேட்டுக்கு மேலே ஒரு தேக்கத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்து இரும்புக் குழாய் கீழே இறங்கும், இறங்க இறங்கக் குறுகும். கடைசியில் பீரங்கி மாதிரி ஒரு முனை. அதற்கு மானிட்டர் என்று பெயர். அதைத் திருப்பி மண்சுவரின் அடியில் அடித்தால் மேலே இருப்பது தானாகச் சரியும். கரைந்த சேறும் சரளையும் நீண்ட மரத்தொட்டி வழியாக ஓடும். தொட்டியின் அடியில் பதித்த குறுக்குச் சட்டங்களில் தங்கம் தங்கிவிடும். மீதி ஆற்றுக்குப் போகும்.

எதிரே மலைச்சரிவில் கோடு கிழித்தாற்போல் ஏறக்குறைய கிடையாக ஓடும் தடம் தெரிகிறதா? அதுதான் வாய்க்கால். நியூசிலாந்திலேயே வறண்ட பகுதி இது. தண்ணீர் உரிமை கையில் இல்லாதவனுக்குத் தங்க நிலம் இருந்தும் பயனில்லை என்ற நிலைமை. நம் ஊர் மடை தகராறு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பீய்ச்சிய சேறு ஓடிப்போகத் தாழ்வான இடம் இல்லையென்றால்? குழிக்குள் இருந்தே இன்னொரு நீர்த்தாரையைக் குழாய்க்குள் மேல்நோக்கிப் பாய்ச்சி, சரளையையும் சேர்த்து உறிஞ்சி மேலே தூக்கினார்கள். அதனால் குழி எவ்வளவு ஆழமானாலும் வேலை நிற்கவில்லை. செயின்ட் பாதன்ஸ் என்ற சிற்றூரில் கில்டேர் குன்று என்று ஒன்று இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஏரிதான் இருக்கிறது. குன்றைக் கரைத்து, அதற்குக் கீழும் தோண்டிக்கொண்டே போனார்கள். ஊரே உள்ளே சரிந்துவிடும் என்ற பயம் வந்த பிறகு 1934 இல் நிறுத்தினார்கள். குழியில் நீர் நிரம்பி நீல ஏரி ஆயிற்று. நேரம் இருந்தால் பாருங்கள். கனிமங்கள் கலந்த அந்த நீல நிறம் படத்தில் சரியாக வராது.

மதியத்துக்கு மேல் அலெக்சாண்டிரா பக்கம் போய்க் கிளூத்தா ஆற்றங்கரையின் டிரெட்ஜர் கழிவு மேடுகளைப் பாருங்கள். நான் முட்டாளானது இப்படிப்பட்ட ஒரு மேட்டில்தான்.

டிரெட்ஜர் இப்படி வேலை செய்தது. மிதவை ஒன்றின் நடுவே ஒரு நீண்ட சட்டம் ஆற்றுக்குள் சரிவாக இறங்கும். அதில் இரும்பு வாளிகள் சங்கிலியாகக் கோத்துச் சுற்றிவரும். வாளி அடிப்பாறை வரை போய்ச் சரளையை அள்ளி மேலே கொண்டுவந்து, ஓட்டை போட்ட சுழலும் உருளைக்குள் கொட்டும். ஓட்டையில் விழுந்த பொடி மணல், சரிவான மேசைகள்மேல் நீரோடு வழியும். மேசையில் என்ன விரித்திருந்தார்கள் தெரியுமா? தென்னை நார்ப் பாய். அந்த நார்களுக்கிடையில்தான் பொடித் தங்கம் சிக்கிக்கொண்டது. பாயை எடுத்து உதறிக் கழுவினால் அன்றைய வருமானம்.

உருளையில் நுழையாத பெருங்கற்கள் பின்பக்கமாகத் தூக்கி வீசப்பட்டன. மணல் முதலில் விழும், கல் அதன் தலையில் விழும். இயற்கையில் மேலே மண்ணும் கீழே கல்லுமாக இருந்த அடுக்கு தலைகீழானது. ஆகவே, புல்கூட முளைக்காமல் உருண்டைக் கல்லாகவே வரிசை வரிசையாக மேடு தெரிந்தால் அங்கே மெனக்கெடாதீர்கள்.

இந்த இயந்திரத்தின் கதையில் எனக்குப் பிடித்தவர் சூ ஹோய். சீனாவில் பிறந்து டனீடனில் கடை வைத்திருந்த வணிகர். நீராவியால் ஓடும் வாளி டிரெட்ஜர் கிளூத்தாவில் 1881 இலேயே வந்துவிட்டது. ஆனால் ஆற்றுக்குள் மட்டுமல்ல, ஆற்றோரச் சமவெளியையும் தோண்டிக்கொண்டே முன்னேற முடியும் என்று ஷாட்டோவரின் பிக் பீச்சில் லாபத்தோடு காட்டியது 1889 வாக்கில் அவருடைய டிரெட்ஜர். பிறகு பங்குச் சந்தையே டிரெட்ஜர் பைத்தியம் பிடித்து அலைந்தது. 1900 வாக்கில் ஒட்டாகோவிலும் சவுத்லாந்திலும் இருநூறுக்கு மேற்பட்டவை நின்றன. லாபம் பார்த்தவை கொஞ்சம்தான்.

இனி, எங்கே குனிவது

இயந்திரம் எட்டாத இடம் எது? பாறை இடுக்கு. இயந்திரம் போன பிறகும் ஆறு கொண்டுவந்து போட்ட இடம் எது? அதுவும் பெரும்பாலும் பாறை இடுக்குதான்.

தங்கம் நீரைவிடப் பத்தொன்பது மடங்கு எடை. சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். வெள்ளத்தில் எல்லாம் சேர்ந்து உருளும்போது தங்கம் இண்டு இடுக்கு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே போய், இதற்குமேல் இறங்க முடியாத அடிப்பாறையில் நிற்கும். ஒட்டாகோவின் பாறை ஷிஸ்ட், ஏடு ஏடாகப் பிரியும் ஜாதி. ஏடுகள் நீரோட்டத்துக்குக் குறுக்காக நிமிர்ந்து நிற்கும் இடம் இயற்கையே செய்துவைத்த குறுக்குச் சட்டம்.

தங்கம் தேடி வந்த கேப்ரியல் ரீட் 1861 மே மாதம் கேப்ரியல்ஸ் கல்லியில் தங்கத்தைக் கண்டுபிடித்ததும் இப்படித்தான். ஓடையின் ஆழமில்லாத திட்டில் இரண்டரை அடி சரளையை வாரி ஒதுக்கிய பிறகு மென்மையான பாறை வந்தது. உறைபனி இரவில் ஓரியன் விண்மீன்கள் மின்னுவதுபோல் அதன்மேல் தங்கம் மின்னியதாக அவரே எழுதினார். எல்லோரும் விண்மீனை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இரண்டரை அடியை நினைவில் வையுங்கள். மேலாக வாரி அரித்தால் ஒன்றும் வராது.

மறு வருடம் ஷாட்டோவரில் டான் எலிசன், ஹகரையா ஹைரோவா என்ற இரண்டு மாவோரிகள் (நியூசிலாந்தின் பூர்வகுடிகள்) ஆற்றைக் கடந்தார்கள். கூட வந்த நாயை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் ஒரு பாறை முனையில் சேர்த்தது. அதைக் காப்பாற்றப் போனவர்கள் நாயின் ரோமத்தில் தங்கத் துகள் ஒட்டியிருப்பதைப் பார்த்தார்கள். அந்தப் பாறை வெடிப்புகளிலிருந்து இருட்டுவதற்குள் சுமார் 300 அவுன்ஸ் எடுத்தார்கள். நம் கணக்கில் ஆயிரம் சவரனுக்கு மேல். அந்த இடத்தை இன்றும் மாவோரி பாயின்ட் என்கிறார்கள்.

அதனால் நீங்களும் நீர் வேகம் தளரும் இடமாகத் தேடுங்கள். ஆறு வளைகையில் உள்வளைவு, பெரிய பாறாங்கல்லின் கீழ்ப்புறம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வெளியே தெரியும் ஷிஸ்ட் வெடிப்பு. வெடிப்பில் களிமண் இறுகியிருந்தால் இன்னும் நல்லது. பழைய ஸ்குரூ டிரைவரால் கிண்டி, கரண்டியால் கடைசித் துளிவரை வழித்தெடுங்கள். பாறைமேல் பாசி இருந்தால் அதையும் சுரண்டித் தட்டில் போட்டுக் கசக்குங்கள். பாசியும் தென்னை நார்ப் பாய் மாதிரிதான்.

தட்டு பிடிக்கும் விதம்

அரிசி அரிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை தெரியும். கல் அரிசி வந்த காலத்தில் பாட்டி இரண்டு பாத்திரம் வைத்து அரிப்பாரே, அதேதான். ஆட்டும்போது அரிசி நீரோடு எழுந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் நிற்கும். அங்கே அரிசி வேண்டும், இங்கே கல் வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

தட்டு சுமார் 35 சென்டிமீட்டர் அகலம், ஒரு பக்கம் வரி போட்ட பிளாஸ்டிக்கே போதும். ஆரோடவுன் அருங்காட்சியகத்தில் வாடகைக்கே கிடைக்கிறது. புதிய தட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பால் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துவிடுங்கள். தட்டிலோ விரலிலோ எண்ணெய் இருந்தால் பொடித் தங்கம் நீர்மேல் மிதந்து போய்விடும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வருபவர்கள் கவனிக்கவும்.

முதலில் சல்லடை வழியாகச் சலித்துப் பெருங்கல்லை ஒதுக்குங்கள். தட்டில் முக்கால்வாசி நிரப்பி, ஆழமில்லாத, அசைவில்லாத நீரில் முழுக்க அமிழ்த்துங்கள். களிமண் கட்டிகளைக் கையால் பிசைந்து கரையுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் தங்கத்தை விடுகிறார்கள்; கரையாத கட்டிக்குள் இருக்கும் துகள் கட்டியோடு சேர்ந்து வெளியே போய்விடும். அப்புறம் தட்டை மட்டமாகப் பிடித்து இடம் வலமாக விறுவிறுவென்று ஒரு நிமிடம் ஆட்டுங்கள். கனமானது அடிக்குப் போக நேரம் கொடுக்கிறீர்கள். பிறகு வரிப் பக்கத்தை முன்னே சாய்த்து, நீரில் மெல்ல முக்கி எடுங்கள். மேல்மணல் விளிம்பைத் தாண்டி வழியும். மூன்று நான்கு முறை வழித்ததும் மறுபடி மட்டமாக்கி ஆட்டுங்கள். ஆட்டு, வழி, ஆட்டு, வழி. ஒரு தட்டுக்குப் பத்து நிமிடம் ஆனால் கவலைப்படாதீர்கள்.

கடைசியில் இரண்டு ஸ்பூன் அளவு கறுப்பு மணல் மிஞ்சும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி கருமணல். இது வந்தால் கை சரியாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் நீர் விட்டு, தட்டைச் சாய்த்து ஒரே சுற்றாகச் சுழற்றுங்கள். கறுப்பு வால்போல் விரியும். அந்த வாலின் நுனியில் மஞ்சள் தெரிகிறதா பாருங்கள்.

இங்கே ஒரு ஏமாற்று வேலை உண்டு. ஷிஸ்ட் பாறை முழுக்க மைக்கா, அதாவது மினுமினுக்கும் அப்ரகம். ஒட்டாகோ ஆறுகள் வெயிலில் பொன்னாகவே ஜொலிக்கும், அத்தனையும் மைக்கா. தட்டை உங்கள் நிழலுக்குள் கொண்டுபோங்கள். மைக்கா அணைந்துவிடும், தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும். நீரை அசைத்தால் மைக்கா முதலில் எழும், தங்கம் கடைசியில்கூட நகராது.

உங்கள் கையை நம்பலாமா என்று தெரிய ஒரு சோதனை. தூண்டில்காரர்கள் பயன்படுத்தும் ஈயக் குண்டில் மிகச் சிறியதாகப் பத்து எடுத்துத் தட்டையாக அடித்து, வீட்டில் ஒரு தட்டு மண்ணில் கலந்து அரித்துப் பாருங்கள். பத்தும் திரும்பும்வரை ஆற்றுக்குப் போக வேண்டாம். தங்கம் ஈயத்தைவிடக் கனம். ஈயம் நின்றால் அதே பருமனுள்ள தங்கமும் நிற்கும்.

ஸ்லூஸ் பெட்டி வாங்கினால்

தட்டு சோதனைக்கு, பெட்டி வேலைக்கு. முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த ஓட்டத்தில், ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் இறக்கம் இருக்கும்படி கல் அடை வைத்து நிறுத்துங்கள். ஒரு கரண்டி மண் போட்டுக் கவனியுங்கள். குறுக்குச் சட்டங்களுக்குப் பின்னால் மணல் கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருந்தால் சரி. மணல் கட்டிவிட்டால் சரிவு போதாது, சட்டங்கள் துடைத்தாற்போல் காலியாக இருந்தால் சரிவு அதிகம். மண்வெட்டி நிறைய அள்ளிக் கொட்டாதீர்கள், இட்லிப் பானைக்கு மாவு ஊற்றுவதுபோல் அளவாக.

சேர்ந்த கருமணலை வீட்டுக்குக் கொண்டுபோய், காயவைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த காந்தத்தால் இரும்பு மணலைப் பிரியுங்கள். பாதரசம் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய சுரங்கக்காரர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அதனால் சில சமயம் வெள்ளி முலாம் பூசினாற்போன்ற துகள் உங்கள் தட்டிலேயே வரும். அதைத் தனியாக மூடி வையுங்கள். அடுப்பில் சூடாக்கிப் பார்க்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு.

ஆற்றிடம் எச்சரிக்கை

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீர் குறைந்திருக்கும். வசந்தத்தில் பனி உருகி வரும்போது போகாதீர்கள். கோடையிலும் நீர் எலும்பைக் குத்தும் குளிர். தலைக்குமேல் வானம் நீலமாக இருந்தாலும் மலைப்பக்கம் கருத்திருந்தால் மேலேறி வந்துவிடுங்கள். 1863 ஜூலையில் இந்த ஆறுகள் ஒரேயடியாகப் பெருகிக் கரையில் கூடாரம் போட்டிருந்தவர்கள் பலரை அடித்துச் சென்றன. கிளூத்தாவில் அணைகள் இருப்பதால் மழை இல்லாமலே மட்டம் மாறும். ஷாட்டோவரின் மேல்பகுதிக்குப் போகும் ஸ்கிப்பர்ஸ் சாலையில் வாடகைக் கார் காப்பீடு செல்லாது. சாலையைப் பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள். பள்ளத்தாக்குகளில் போன் எடுக்காது, எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடிக்கும் மணல் ஈக்குக் களிம்பு அவசியம்.

தோண்டிய குழியை மூடுங்கள். கரையைக் குடையாதீர்கள், மேல்மண் தலைமேல் விழும்.

கடைசியாக, பூட்ஸ். இங்குள்ள ஆறுகளில் டிடிமோ என்ற பாசி பரவியிருக்கிறது. ஒரு சொட்டு நீரில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். வேறு ஆற்றுக்குப் போகும் முன் தட்டு, பெட்டி, பூட்ஸ் எல்லாவற்றிலும் ஒட்டியதைத் துடைத்து, சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவி, தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகும் இன்னும் 48 மணி நேரம் விட்டுவையுங்கள். ஆகவே இன்று ஆரோ, நாளை ஷாட்டோவர் என்று திட்டம் போடாதீர்கள். இடையில் இரண்டு நாள் குரோம்வெல்லில் தங்கினால் தோட்டத்து ஆப்ரிகாட் சாப்பிட்டுக்கொண்டே, பேனக்பர்னில் முதல் நாள் பார்க்காமல் விட்ட வாய்க்காலை இன்னொரு முறை நடந்து பார்க்கலாம்.